கரிப் பையிற் கிடந்த ஆணி

அரிசியிற் கல் இருந்தாற் பல் சொல்லிவிடும். பருப்பிற் கிடக்கும் மண்ணாங்கட்டியைச் சுளகு பிடித்த கை கண்டுகொள்ளும். மிளகிற் கலந்த பப்பாசி விதையைக்கூட நம் இல்லத்தரசியர் ஒரு பார்வையிற் பிரித்து ஒதுக்கிவிடுவர். ஆனாற் கரியில் எது கிடந்தாலும் அது கரியாகவே தோன்றும். கல்லும் கறுப்பு, ஆணியும் கறுப்பு, பழைய கதவின் துண்டும் கறுப்பு. எல்லாவற்றின் மேலும் ஒரே நிறத்தைப் பூசி நம் கையிற் கொடுக்கும் இந்தப் பண்டத்தைப் பற்றி இவ்வாரம் சிறிது பேசலாம் என எண்ணினோம். கரிக்கும் கறிக்கும் ஓரெழுத்தே வேறுபாடு என்று பள்ளியிற் படித்தோம். அடுப்புக்கு வந்தபின் அவ்வேறுபாடும் குறைந்துவிடுகிறது. கரியில் இருப்பது கறிக்கும் வந்து சேர்கிறது.

ஒரு காலத்தில் நம் வீடுகளிற் கரி வாங்கியது பெரும்பாலும் ஆடை மினுக்கும் கரிப்பெட்டிக்காகத்தான். ஏனையது கொல்லருக்கும் பொற்கொல்லருக்கும் உரியது. மின்னழுத்தி வந்ததும் அந்தத் தேவை ஓய்ந்தது. இப்பொழுது வேறொரு தேவை பிறந்திருக்கிறது. விடுமுறை நாள்களில் முற்றத்திற் கம்பித்தட்டு அடுப்பை வைத்து, கோழியையும் மீனையும் கணவாயையும் தணலில் வாட்டி உண்பது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. இதற்குப் 'பார்பிகியூ' என்று பெயர். அன்றியும், 2022ஆம் ஆண்டில் எரிவாயு உருளைக்காக மக்கள் வரிசையில் நின்ற மாதங்களில், விறகையும் கரியையும் மறந்திருந்த நகரத்துக் குடும்பங்கள் பல மீண்டும் அவற்றை நாடின. ஆகவே கரி மறுபடியும் நம் அடுக்களைப் பொருளாயிற்று. அழகிய பையில், நிறை அச்சிட்டு, நூலால் வாய் தைத்து விற்கப்படுகிறது. அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்தான் இல்லை.

அண்மையில் அத்தகைய பையொன்றை நாம் ஒரு சாக்கின் மேற் கொட்டி, துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தோம். எந்த நிறுவனத்தின் பை என்பதைச் சொல்லப்போவதில்லை. ஒரு பையைக் கொண்டு ஒருவரைக் குறை கூறுதல் நீதியன்று. பெரும்பகுதி நல்ல கரியே. அதனிடையே ஒரு கை நிறையக் கல் இருந்தது. செங்கல்லைப் போலச் சுட்டுச் சிவந்த மண்கட்டி சில; வெளியே கறுத்து, உடைத்தால் உள்ளே கபில நிறமாயிருந்த அரைகுறைக் கொள்ளிகள் சில; சாக்கைக் கட்டிய நைலோன் கயிற்றின் நுனி ஒன்று. கடைசியாக, நான்கு பக்கமும் வாள் கொண்டு அறுத்தாற்போல் நேராயிருந்த ஒரு துண்டு. அதன் நடுவே ஓர் ஆணி.

இவற்றுள் எது அஞ்சத்தக்கது என்று கேட்டாற் பலரும் கல்லையே காட்டுவர். கல்லுக்குக் காசு கொடுத்தோமே என்ற கோபம் அது. கோபம் நியாயமானதே. ஆயினும் அந்தக் கல் எவ்வாறு வந்தது என்பதை அறிந்தால் அதன் குற்றம் ஓரளவு தணியும்.

மரக்கரி என்பது எரித்த விறகு அன்று. எரியவிடாமல் வேகவைத்த விறகு. போதிய காற்று இல்லாமல் விறகைச் சூடாக்கினால் முதலில் அதன் ஈரம் ஆவியாகிறது. ஏறத்தாழ 270 பாகை செல்சியசைக் கடந்ததும் மரம் தானாகவே சிதைந்து, வெப்பத்தையும் புகையையும் தாரையும் வெளிவிட்டு, காபன் மிகுந்த எச்சமாக மாறுகிறது. இதற்கு மிகப் பழையதும் மிக மலிந்ததுமான வழி மண் மூட்டம். பாக்கு நீரிணைக்கு அப்பால், இராமநாதபுரம், சிவகங்கை முதலிய மாவட்டங்களில் இது ஒரு பெருந்தொழில். தரிசு நிலமெங்கும் பரவிய சீமைக் கருவேல மரத்தை வெட்டி, கட்டைகளைக் குவித்து அடுக்கி, இலைதழையும் வைக்கோலும் பரப்பி, மேலே மண்ணால் மூடித் தீயிடுவர். பிறகு பல நாள் இரவும் பகலும் காவல். எங்கே மண் வெடித்துக் காற்றுப் புகுந்தாலும் அங்கே கரி சாம்பலாகிவிடும். உடனே மண்ணள்ளி அடைக்கவேண்டும். புகையின் நிறத்தைக் கண்டே உள்ளே நடப்பதை அறிவர். இவ்வளவு பாடுபட்டும் நூறு கிலோ விறகுக்கு இருபது கிலோவுக்கு மேற் கரி கிடைப்பது அரிது.

மூட்டம் ஆறியபின் மேலிருந்த மண் கரியின்மேல் விழுகிறது. அதனை வாரி, கிளறி, சாக்கில் அள்ளும்போது தரையின் பரற்கல்லும் சேர்ந்து வருகிறது. வேர்க்கட்டைகளிற் கல் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலத்தினுள் வளரும் வேர் தன் வழியிற் கிடக்கும் கல்லைச் சுற்றி வளைத்து இறுகப் பிடித்துக்கொள்கிறது. கோடரிக்காரர் அதைக் காண்பதில்லை. மரம் கரியாகிச் சுருங்கியதும் கல் வெளியே வந்து விழுகிறது. வெயிலிலும் புகையிலும் நின்று கரி சுடும் ஏழைத் தொழிலாளி வேண்டுமென்று கலந்த கல் என்று அதனை எடுத்த எடுப்பிற் சொல்லிவிட முடியாது. சல்லடையில் இட்டுத் தெரிந்தெடுத்துப் பொதி செய்யவேண்டியவர், அதனைப் பெருவிலைக்கு விற்பவரே.

கல்லில் ஆபத்து இல்லை என்பது நமது கருத்தன்று. நீரை உறிஞ்சிய கல் தணலிற் சூடேறினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றிக் கல்லைப் பிளந்து தெறிக்கச் செய்யும். அடுப்பைச் சுற்றிச் சிறுவர் நிற்கும் வீட்டில் இது சிறிய காரியமன்று. ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. பொறுக்கி எறிந்தால் தீர்ந்தது. அரைகுறைக் கொள்ளியும் அவ்வாறே. அது புகைந்து கண்ணைக் கரிக்கும். இறைச்சிக்குக் கசப்பை ஏற்றும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. வெளியே எடுத்து வைத்தால் நாளைக்கு விறகாகும்.

ஆணியின் கதை வேறு. காட்டு மரத்தில் ஆணி முளைப்பதில்லை. அது உள்ளே இருக்கிறதென்றால் அந்த மரம் கரியாவதற்கு முன் மனிதர் கையில் ஒரு வாழ்வு வாழ்ந்திருக்கிறது. கதவாக, சாளரமாக, பொருளேற்றும் பலகைத்தட்டாக, வேலிக்கட்டையாக, இடித்த வீட்டின் கைமரமாக இருந்திருக்கலாம். அந்த வாழ்வில் அதற்குப் பூசியவை எவை, ஊட்டியவை எவை என்பதுதான் கேள்வி. நெருப்பு அந்தப் பூச்சின் நிறத்தை அழித்துவிட்டது. ஆணி ஒன்றே எஞ்சி நின்று சாட்சி சொல்கிறது. ஆணியாற் கேடில்லை; சாட்சியை எறிந்துவிட்டு வழக்கை மறப்பதிலேதான் கேடு.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். நேராக அறுத்த துண்டுகள் எல்லாம் குற்றமுள்ளவை அல்ல. அமெரிக்காவில் விற்பனையாகும் கட்டிக்கரியில் ஒரு பகுதி, தளப்பலகையும் தளபாடமும் செய்யும் ஆலைகளிற் கழிக்கப்படும் மரத்துண்டுகளிலிருந்து செய்யப்படுவது. மோட்டார் வண்டி செய்த ஹென்றி போர்ட், 1920களில் மிச்சிகன் மாநிலத்திலுள்ள தமது மர ஆலையின் கழிவைக் கரியாக்கி, அழுத்திய கட்டிகளாக விற்றது யாவரும் அறிந்த செய்தி. பூச்சு எதுவும் காணாத புதுமரத்தின் கழிவு காட்டு விறகைப் போலவே தூயது. ஒரு மரத்தை வெட்டாமற் காக்கவும் செய்கிறது. ஆகவே வடிவம் மட்டும் போதிய சான்றன்று. வடிவத்தோடு ஆணியும் சேரும்போதுதான் ஐயம் வலுக்கிறது.

ஐயத்துக்கு ஆதாரம் உண்டா என்று மாணவர்கள் கேட்பர். உண்டு. மரத்தைக் கறையானும் பூஞ்சணமும் தின்னாதிருக்கச் செம்பு, குரோமியம், ஆசனிக்கு என்ற மூன்றின் சேர்வைகளை அழுத்தத்தால் மரத்தினுள் ஏற்றும் முறையொன்று உண்டு. இதனை 1933இல் கண்டுபிடித்தவர் இந்தியாவின் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய சொண்டி காமேசம் என்னும் அறிஞர். மிகச் சிறந்த கண்டுபிடிப்பு அது. மின்கம்பங்களும் வேலிக்கட்டைகளும் பாலங்களும் உலகெங்கும் அதனால் நீடித்து நின்றன. நிற்கும்வரை நன்மை, எரிக்கும்போதே தீமை. ஆசனிக்கு ஒரு மூலகம். மூலகத்தை எரித்து இல்லாமற் செய்ய எந்த அடுப்பாலும் இயலாது. ஒரு பங்கு புகையோடு போகும்; மற்றப் பங்கு கரியிலும் சாம்பலிலும் தங்கும். பழைய வீடுகளின் பூச்சிலிருந்த ஈயத்தின் கதையும் இதுவே.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து நாட்டுப்புறக் குடும்பமொன்றைப் பற்றி 1984ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அவ்வீட்டில் எண்மர். மூன்று ஆண்டுகளாகக் குளிர்காலம் வந்தால் எண்மருக்கும் நோய். தோல் அழற்சி, மூச்சுக் கோளாறு, தலைவலி, கைகால் உபாதை. பெற்றோருக்குத் தலைமயிரும் உதிர்ந்தது. கோடை வந்தால் தணியும். மறு குளிர்காலத்தில் மீண்டும் தொடங்கும். தொற்று என்றும் உணவு என்றும் தேடியவர்கள் ஈற்றில் அடுப்பைப் பார்த்தார்கள். குளிர்காய்வதற்காக அவர்கள் எரித்தது, மேற்சொன்ன முறையில் மருந்தேற்றிய மரத்தின் துண்டுகளை. அவர்கள் எரித்தது மரமேயன்றிக் கரியன்று என்பதையும், பல மாதம் அடைத்த வீட்டினுள் எரித்தார்கள் என்பதையும் மறைக்காமற் சொல்லுகிறோம். ஆண்டுக்கு நான்கு முறை முற்றத்திற் கோழி வாட்டும் குடும்பம் அவ்வாறு நோயுறும் என்று அச்சுறுத்துவது நமது நோக்கமன்று. ஆனால் கரியடுப்பை நாள்தோறும் மூட்டி, அதன் முன்நின்று கொத்துக் கொத்தாக இறைச்சி வாட்டி விற்கும் கடைப் பையனின் நிலை வேறு. அவன் சுவாசிப்பது ஆண்டுக்கு நான்கு நாளல்ல.

அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்குரிய மரங்களுக்கு இந்த மருந்தை ஏற்றுவதை உற்பத்தியாளர்கள் 2003ஆம் ஆண்டின் முடிவோடு கைவிட்டனர். எனினும் அதற்கு முன் நாட்டிய கட்டைகளும் இட்ட பலகைகளும் இப்பொழுதுதான் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கப்படுகின்றன. பிடுங்கிய மரம் எங்காவது போய்ச் சேரத்தானே வேண்டும்?

பொருளேற்றும் பலகைத்தட்டுகளைப் பற்றியும் ஒரு சொல். நாடு விட்டு நாடு செல்லும் தட்டுகளிற் பூச்சி போகாதிருக்க, 2002இல் வகுத்த ஒரு சர்வதேச விதியின்படி அவற்றைச் சூடாக்குவர். அல்லது மெதைல் புரோமைட்டு என்னும் நச்சுவாயுவைப் பாய்ச்சுவர். சூடாக்கியதற்கு 'எச்.டி.' என்றும் வாயு பாய்ச்சியதற்கு 'எம்.பி.' என்றும் பலகையிற் சூட்டுக்குறி இருக்கும். அத்தட்டுகளைப் பிரித்து விறகாக்குவோர் அக்குறியைப் பார்த்துக்கொள்வது நலம். அவற்றின்மேல் முன்னர் என்ன சரக்குச் சிந்தியது என்பதை எக்குறியும் சொல்லாது.

ஐரோப்பாவிற் கரிக்கும் ஒரு தராதரம் உண்டு. வாட்டுவதற்கு விற்கும் மரக்கரியில் நிலைத்த காபன் 75 வீதத்துக்குக் குறையலாகாது. சாம்பல் 8 வீதத்தையும் ஈரம் 8 வீதத்தையும் தாண்டலாகாது. கண்ணாடி, உலோகம், துரு, கசடு போன்ற பிறபொருள் இருக்கலாகாது என்று அது விதிக்கிறது. ஈரத்துக்கு எல்லை வைத்தது கூர்மையான யோசனை. கரி காற்றிலுள்ள ஈரத்தையும் குடிக்கும். வாளி நீரையும் குடிக்கும். நிறுவையில் இரண்டும் கரியின் விலைக்கே போகும். நம்மூரில் விறகுக்கு நீர் தெளித்து விற்ற பழங்கதைகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலுள்ள தூனன் ஆய்வு நிறுவனத்தார் இன்னும் ஒருபடி மேலே சென்று, கரித்துண்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து அது எந்த மரம் என்று சொல்லிவிடுகின்றனர். மரத்தின் நுண்குழாய்களும் இழைகளும் கரியான பின்பும் வடிவம் மாறாமல் நிற்பதே காரணம். தொல்பொருளாய்வாளர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய அடுப்புக்களில் எந்த மரம் எரிந்தது என்று அறிவதும் இதே முறையாற்றான். உள்நாட்டு மரம் என்று எண்ணி வாங்கும் பைகளில் வெப்பவலயக் காட்டு மரங்கள் கிடப்பது இவ்வாறு வெளிப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் இயற்றிய மரச் சட்டத்திற் கரியைச் சேர்க்காது விட்டிருந்தது. காடழிப்பைத் தடுக்க 2023இல் இயற்றிய சட்டத்திற் சேர்த்துக்கொண்டது. நல்ல காரியம். ஆயினும் நுணுக்குக்காட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. அது மரத்தின் குலத்தைச் சொல்லும். மரம் வாழ்ந்த வீட்டைச் சொல்லாது. பூச்சையும் மருந்தையும் அறிய இரசாயனப் பரிசோதனை வேண்டும். இல்லையேல் ஆணிதான் சொல்லவேண்டும்.

நம் நாட்டில் நமக்கு ஒரு பேறு வாய்த்திருக்கிறது. சிரட்டைக்கரி! சிரட்டைக்கு முன்வாழ்வு இல்லை. அதனை எவரும் கதவாக்குவதில்லை, மருந்தேற்றுவதில்லை, ஆணி அறைவதுமில்லை. குழியிலிட்டோ பீப்பாவிலிட்டோ சுடும்போது மணலும் தும்பும் ஒட்டலாம். கழுவினாற் போவது அது. சீராகச் சுட்ட சிரட்டைக்கரி தட்டினாற் கணீரென்று ஒலிக்கும். உடைத்தால் முகம் பளபளக்கும். சிறிய அளவில் மிகுந்த வெப்பம் தரும். அதனை உயிர்ப்பூட்டிய காபனாக்கி நீரையும் வாயுவையும் தூய்மை செய்ய உலக நாடுகள் நம்மிடம் வாங்குகின்றன. தூரதேசத்து மரக்கரிப் பையை இருமடங்கு விலைக்கு வாங்குவது நாகரிகம் என்று கருதுவோருக்கு நாம் என்ன சொல்ல இருக்கிறது? ஒன்று மட்டும். சிரட்டைக்கரியைத் தூளாக்கி அழுத்திய கட்டிகளை வாங்குவதாயின் செய்தவரை அறிந்து வாங்குங்கள். தூளுக்குள் எது ஒளிந்தாலும் தெரியாது.

மரக்கரியே வேண்டும் என்போர் பையை நேரே அடுப்பிற் கவிழ்க்காதிருப்பார்களாக. சாக்கொன்றிற் பரப்புங்கள். ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். நல்ல கரி ஒலிக்கும், கல் மந்தமாய்க் கனக்கும். அடியில் எஞ்சும் தூளிற் பழைய வானொலிப் பெட்டியின் காந்தத் துண்டு ஒன்றை உலாவவிடுவது பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. ஆணியும் கம்பியும் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஓர் ஆணி, அதுவும் தூளில் உதிரியாய்க் கிடந்தால், பொதி செய்த இடத்தில் விழுந்ததாயிருக்கலாம். துண்டினுள் பாய்ந்த ஆணி, அல்லது ஆணித்துளையோடு நேர்விளிம்புத் துண்டுகள் பல காணப்பட்டால், பொறுக்கி எடுத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம் என்று எண்ணவேண்டாம். ஆணி இல்லாத துண்டு அதே பலகையின் மறுபாதியாயிருக்கும். பையைக் கட்டி, பற்றுச்சீட்டோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுசெல்லுங்கள். கடைக்காரர் ஏற்க மறுத்தால், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யும் உரிமை நமக்கு உண்டு. சில நூறு ரூபாய்க்காக யார் அலைவது என்ற சலிப்பினாலேதான் பழங்கதவுகள் பைக்குள் வருகின்றன.

தணலில் இடையிடையே பச்சை நிறச் சுவாலை எழுந்தாலும் கவனியுங்கள். செம்புச் சேர்வைகள் சுவாலைக்குப் பச்சை நிறம் கொடுப்பதை விஞ்ஞான ஆய்வுகூடத்தில் மாணவர்கள் கண்டிருப்பர். அந்த அடுப்பில் அன்றைக்கு மீனை வைக்கவேண்டாம்.

நல்ல கரியே ஆனாலும் அறைக்குள் மூட்டவே கூடாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். கரித்தணல் விடும் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. புகை அடங்கிவிட்டதே என்று அடுப்பை உள்ளே எடுத்துவந்து கதவைச் சாத்தியவர்கள் விடிய எழுந்திராத நிகழ்ச்சிகள் பல நாடுகளிலும் உண்டு. மழை வந்தால் அடுப்பு நனையட்டும்.

இனிச் சாம்பல். சீமைக்காரர் அடுப்பு ஆறியதும் சாம்பலைக் குப்பையிற் கொட்டிவிடுவர். நம் வழக்கம் அதுவன்று. சாம்பல் நமக்கு ஒரு பண்டம். வழுக்கும் விலாங்கையும் கெளிற்றையும் பிடித்து வெட்டச் சாம்பல் தொட்டுக்கொள்கிறோம். பித்தளைக் குடத்தைத் துலக்குகிறோம். கத்தரிச் செடியிற் பூச்சி விழுந்தால் இலைமேல் தூவுகிறோம். மிஞ்சியதை வாழையடியிற் போடுகிறோம். விறகு நம் வேலியிலிருந்து வந்த காலத்தில் இந்த வழக்கங்களால் ஒரு தீங்குமில்லை. பையில் வந்த கரியின் சாம்பல் அப்படியன்று. மருந்தேற்றிய மரமானால், விலகிப்போகாத பங்கெல்லாம் திரண்டு தங்குவது அந்தச் சாம்பலிலேதான். ஆகவே, எங்கிருந்து வந்ததென்று தெரியாத கரியின் சாம்பலை, ஆணி கண்டாலும் காணாவிட்டாலும், மீன் வெட்டும் இடத்துக்கும் தோட்டத்துக்கும் கொண்டுபோகாதிருங்கள். முற்றாக ஆறியபின் உறையொன்றில் இட்டுக் கட்டி, கோழிகளும் பிள்ளைகளும் கிளறாதபடி அப்புறப்படுத்துங்கள். மீன் வெட்டச் சிரட்டைச் சாம்பலைத் தனியே ஒரு தகரத்திற் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.